இடப்பக்கத்துச் சாடிகள்

உவர்மலை,
திருகோணமலை.
18.02.2024

அன்புள்ள பூரணி மச்சாளுக்கு,

இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மலைநாட்டுக் குளிரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காதுக்குள் குத்துகிறது என்று போனமுறை எழுதியிருந்தீர்கள். அது குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய பெட்டிகள் மரக்கறி லொறியில் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு செடியையும் பேப்பரில் சுற்றி அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் அண்ணன், "இதென்ன, பூரணி செடி அனுப்பினவளோ, பேரிக்காய் அனுப்பினவளோ?" என்று சிரித்தார். அவிழ்த்தபோது ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுக்கடுக்காய், தடித்த இலையோடு, ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து செதுக்கியது போல இருக்கிறது.

அனுஷியாவின் கலியாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை கொழும்பில் அவளோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர், நல்ல பிள்ளை. வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்னச் செடிச் சாடி கொடுக்க வேண்டும் என்று அவள் நிற்கிறாள். "வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிற மாதிரி ஒண்டைக் குடுக்க வேணும் அம்மா" என்கிறாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. உங்கள் செடிகளைக் கண்டபிறகு நானும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

குசினி வாசலுக்கு வெளியே, துறைமுகம் தெரிகிற பக்கம், உங்கள் அண்ணன் மதிலோரம் நீளத்துக்குப் பலகை அடித்துத் தந்தார். அதில்தான் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு கிழமை, ஏழு நாள்கூடப் போகவில்லை, மேல் இலைகளில் அயன் பெட்டி பட்டதுபோல மண்ணிறத் திட்டு விழுகிறது. சிலதில் இலையோரம் சிவக்கிறது. இது நோயா? மற்றதுக்கும் தொற்றுமா?

போனில் கதைத்தால் உங்களுக்குக் கேட்காது. உங்கள் பட்டன் போனுக்குப் படம் அனுப்பவும் ஏலாது. அதனால் திட்டு விழுந்த இலை ஒன்றையே பேப்பரில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
யசோதரா


பண்டாரவளை.
27.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமும் இலையும் கிடைத்தன. இலை வரும்போது அப்பளம் போல வந்தது, ஆனாலும் திட்டு தெரிந்தது. நான் சுகம். குத்து நின்றுவிட்டது. காது கேட்கிறதா என்று கேட்காதீர்கள், அது போனது போனதுதான். செடி நேர்சரியில் என்னோடு வேலை செய்கிற பெட்டைகள் என் முகத்துக்கு நேரே நின்று கதைக்கப் பழகிவிட்டார்கள்.

அனுஷியாவுக்குக் கலியாணம் என்று வாசித்ததும் நாற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமியின் முத்தம் அவளுக்கு.

செடிக்கு வந்தது நோயில்லை. வெயில் சுட்டிருக்கிறது. இங்கே பாதி நாள் பனிமூட்டத்துக்குள் கிடந்ததுகளைக் கொண்டுபோய்த் திருமலை வெயிலில் திடீரென்று வைத்தால் வேறென்ன நடக்கும்? திட்டு விழுந்த இலை இனி மாறாது, ஆனால் பரவவும் மாட்டாது. பச்சை வலை ஒன்று வாங்கி மேலே கட்டச் சொல்லுங்கள் அண்ணனிடம். காலை வெயில் மட்டும் நேரே படட்டும். ஒரு மாதம் போனால் பழகிவிடும். ஓரம் சிவப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம். வெயில் கண்டால் அதுகள் அப்படித்தான் நிறம் மாறும், பார்க்கவும் வடிவு.

மண்ணுக்குக் கடற்கரை மணலை மட்டும் கலந்துவிடாதீர்கள், உப்பு. ஆற்றுமணலும் கொஞ்சம் கரித்துண்டும் போதும்.

அண்ணன் லோஞ்ச் படகு ஓட்டத்தான் போகிறாரா இன்னும்? அறுபது தாண்டிய மனிதன் கப்பல்காரரை ஏற்றி இறக்கித் திரிகிறார் என்று எனக்குக் கவலை. என்றாலும் வீட்டில் சும்மா இருந்தால் அதைவிடக் கவலை. அவரை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தங்கச்சிக்கு எழுதக் கை தேயாது.

அன்புடன்
பூரணி


திருகோணமலை.
24.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் வாய்க்குச் சீனி போட வேண்டும். வலை கட்டினோம், திட்டு விழுவது நின்றுவிட்டது. புதிதாக வருகிற இலை எல்லாம் சுத்தமாக, மேலே வெள்ளைப் பவுடர் பூசினதுபோல வருகிறது. அதைத் துடைக்கக்கூடாது என்று நீங்கள் முன்பே சொன்னதால் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வலையை உங்கள் அண்ணன்தான் ஏணி வைத்துக் கட்டினார். அதுவும் நெற்றியில் வீக்கத்தோடு. முதல்நாள் கடல் கொஞ்சம் தூக்கலாக இருந்ததாம், லோஞ்சின் கூரைக் கம்பியில் தலை இடிபட்டிருக்கிறது. ஐஸ் வைக்கச் சொன்னேன். "முட்டை அவிச்சுத் தாரும், அது போதும்" என்று பகிடி விட்டார். வீக்கம் வற்றிவிட்டது. லோஞ்சில் அவரோடு வேலை செய்கிற முத்தலிப் மட்டும் வந்து இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வரி எழுதச் சொன்னதாகச் சொன்னேன். கலியாணக் கார்டில் எல்லாம் சேர்த்து எழுதுகிறேன் என்கிறார். அவர் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா.

கோவிலடி மண்டபம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஒரு கிழமைக்கு முன்பே வந்துவிட வேண்டும். அனுஷியாவுக்குக் கூறைச் சேலை உடுத்துவிட மாமி இல்லாமல் ஏலாது.

இந்த வெயிலுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புள்ள
யசோதரா


பண்டாரவளை.
06.04.2024

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

வருசப் பிறப்புக்கு முன் இது வந்து சேருமோ தெரியாது. சேர்ந்தால் புதுவருச வாழ்த்து, பிந்தினாலும் அதே வாழ்த்து.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டால் நான் நாள் சொல்ல மாட்டேன். ஒரு ஈர்க்குக் குச்சியைச் சாடியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்து வந்தால் அடியால் ஒழுகும்வரை விடுங்கள். அவ்வளவுதான். கீழ் இலை மஞ்சளாகி, கண்ணாடி போல உள்ளே தெரிந்து, தொட்டதும் விழுந்தால் தண்ணீர் கூடிப்போச்சு. இலை சுருங்கி, பளபளப்பு இல்லாமல், விரலால் மடிக்க வந்தால் தாகம். தாகத்தில் கிடப்பது பிழைக்கும். வெள்ளத்தில் கிடப்பதுதான் செத்துப்போகும். அன்பு கூடி ஊற்றுகிற ஆட்களிடம்தான் இதுகள் சாகிறது, கவனமில்லாத ஆட்களிடம் இல்லை.

இங்கே நல்ல மழை. குடைக்குக் கீழே நின்று எழுதுகிறேன், எழுத்துக் கரைந்திருந்தால் பிழை என்னுடையது இல்லை.

பூரணி


திருகோணமலை.
12.05.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியாமல் போனது. வருசப் பிறப்பு, அது இது என்று நாள் போய்விட்டது. உங்கள் அண்ணன் சுகம். இப்போது கொஞ்ச நாளாக வீட்டில்தான் நிற்கிறார்.

செடிகள் சரியில்லை. சிலதில் கீழ் இலை மஞ்சளாகி, நீங்கள் சொன்ன மாதிரியே கண்ணாடி போலத் தெரிகிறது. ஒன்றைத் தூக்கினேன், தண்டு அடியில் கறுத்துக் கையோடு வந்துவிட்டது. சிலது அப்படி இல்லை. இலை எல்லாம் சுருங்கி, நெடுநேரம் உடுப்புத் தோய்த்த விரல் மாதிரிக் கிடக்கிறது. நீங்கள் எழுதியபடிதான் தண்ணீர் விடுகிறது. ஒரே மண், ஒரே வலை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கலியாணத்துக்குக் கொடுக்க மிஞ்சுமோ தெரியவில்லை. அனுஷியாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் போன் எடுக்கும்போதெல்லாம் "செடி எப்படி, அப்பா எப்படி" என்றுதான் கேட்கிறாள். இரண்டுக்கும் நல்லம் என்று சொல்லிவிடுகிறேன்.

வேறு விசேசம் இல்லை.

யசோதரா


பண்டாரவளை.
18.05.2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். முதல் தரம் செடிக்காக, மற்றதெல்லாம் உங்களுக்காக.

முதலில் செடி. ஒரே மண்ணில், ஒரே வலைக்குக் கீழே, ஒன்று வெள்ளத்தில் அழுகுது, மற்றது தாகத்தில் சுருங்குது என்றால் அது நோயில்லை. பூச்சி என்றால் இலை இடுக்கில் பஞ்சு மாதிரித் தெரியும், அது கணக்குப் பார்க்காமல் எல்லாவற்றிலும் ஏறும். இது தண்ணீர் விடுகிற கையில் இருக்கிற கோளாறு. "தண்ணீர் விடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். விடுகிறது யார்?

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். குசினி வாசலில் நின்று பாருங்கள். எந்தச் சாடி எங்கே இருக்கிறது, எதில் மஞ்சள், எதில் சுருக்கம் என்று ஒரு பேப்பரில் கீறி அனுப்புங்கள். வடிவாக வேண்டாம், வட்டம் போட்டால் போதும்.

இனி மற்றது. கப்பல் வந்து குவிகிற காலத்தில் அண்ணன் ஏன் வீட்டில் நிற்கிறார்? சுகம் என்று ஒரு சொல் எழுதினீர்கள், அதுக்குப் பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை. நெற்றி வீக்கத்துக்கே பத்து வரி எழுதுகிற ஆள் நீங்கள்.

அண்ணி, நான் உங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அவர் குடித்துவிட்டு வந்த இரவுகளில் கதவைத் திறந்தது நீங்களும் நானும்தான். எட்டு வருசத்துக்கு மேலாகத் தொடாமல் இருக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். மறுபடி தொடங்கிவிட்டாரா? அப்படி என்றால் என்னிடம் மறைக்க வேண்டாம். அவர் எனக்கு அண்ணன், ஆனால் நான் உங்கள் பக்கம்.

பூரணி


திருகோணமலை.
24.05.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டு எழும்பிப் போய் இரண்டு தரம் குசினியைக் கூட்டினேன். இனி எழுதிவிடுகிறேன்.

ஓம், அப்படித்தான் நினைக்கிறேன். வருசப் பிறப்பு முடிந்த கையோடு அவர் அவராக இல்லை. நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். கையில் இருந்த கோப்பை தானாக விழுந்து உடைந்தது. சேட்டின் ஒரு கையை மாட்டிவிட்டு மற்றக் கை தொங்கத் தொங்க முற்றத்தில் நின்றார். சொன்னால், "தெரியும், தெரியும்" என்று எரிந்து விழுகிறார். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்புகிறார். குடிக்கிற காலத்திலும் இப்படித்தானே செய்வார்.

பிறகு லோஞ்சைக் கொண்டுபோய் இறங்குதுறையில் உரசிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, பலகைதான் பிய்ந்தது. லோஞ்சின் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஆனாலும் "தங்கத்துரை அண்ணை கொஞ்ச நாள் வீட்டிலை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டார். முத்தலிப் என்னிடம் தனியாக வந்து, "சாராய மணம் ஒண்டும் இல்லை அக்கா, ஆனா நடை சரியில்லை" என்றார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மணம் எனக்கும் தெரியவில்லை. ஆனால் மணம் தெரியாமல் குடிக்கவும் வழி இருக்கும் என்று நினைத்தேன். அலுமாரிக்குப் பின்னாலே, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே எல்லாம் போத்தல் தேடினேன். அவர் கண்டுவிட்டார். கண்டும் ஒரு சொல் கேட்கவில்லை. அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறோம்.

வீட்டில் நிற்கத் தொடங்கியதிலிருந்து செடிக்குத் தண்ணீர் விடுகிறது அவர்தான். காலையிலும் பின்னேரத்திலும் குசினிப் படியில் நின்றுகொண்டு ஹோஸைப் பிடிப்பார். குச்சி குத்திப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வேலையாவது அவருக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டபடி கீறியிருக்கிறேன். படியில் நின்று பார்த்தால் வலக்கைப் பக்கம் இருக்கிறது எல்லாம் மஞ்சள், அழுகல். இடக்கைப் பக்கம் இருக்கிறது எல்லாம் சுருக்கம். நடுவில் இருக்கிற ஒன்றிரண்டுதான் நல்லாயிருக்கிறது. கீறி முடித்துவிட்டுப் பார்த்தபோது ஏதோ தராசில் நிறுத்து வைத்ததுபோல இருந்தது. உங்களுக்கு இதில் என்ன விளங்குகிறது?

இதை அனுஷியாவிடம் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

யசோதரா


பண்டாரவளை.
29.05.2024

அண்ணி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. தபாலை நம்பாமல் மரக்கறி லொறிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசித்தவுடன் செய்யுங்கள்.

அண்ணன் குடிக்கவில்லை. குடிவெறிகாரன் தண்ணீர் விட்டால் எல்லாப் பக்கமும் கண்டபடி போகும். ஒரு பக்கத்தை மட்டும் ஒவ்வொரு நாளும் பிசகாமல் விட்டுவிட மாட்டான். உங்கள் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். எந்தத் தோள் நிலையில் இடிபடுகிறது? எந்தக் கை சேட்டில் ஏறவில்லை? லோஞ்சின் எந்தப் பக்கம் உரசியது? எல்லாம் இடப்பக்கமாக இருந்தால், அண்ணனுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. அவருக்கே அது தெரியாது.

தெரியாமல் இருக்குமோ என்று நினைக்காதீர்கள். எனக்கு முதலில் ஒரு காதுதான் போனது. போனது எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் மெதுவாகக் கதைக்கிறார்கள், என்னை மதிக்காமல் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோரோடும் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன். இல்லாமல் போனது ஒன்று இல்லை என்று உள்ளுக்குள்ளே இருந்து தெரியவே தெரியாது.

என்ன நோய் வருத்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நான் செடிக்காரி. ஆனால் தலையில் இடிபட்டதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மறுத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதுக்கும் மறுத்தால் முத்தலிப்பைக் கூப்பிடுங்கள்.

பூரணி


கண்டி.
11.06.2024

அன்புள்ள பூரணி மச்சாளுக்கு,

உங்கள் அண்ணன் கண் விழித்திருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி ஆறுதலாக வாசியுங்கள்.

லொறிக்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தபோது மதியம். உங்கள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் படலையடியிலேயே நின்று வாசித்துவிட்டு உள்ளே வந்தேன். தட்டையான சோற்றுக் கோப்பையில் வலப்பக்கத்துச் சோறு முழுக்க முடிந்திருந்தது. இடப்பக்கத்துச் சோறு வைத்தபடியே இருந்தது. அந்தப் பக்கம் பாரைமீன் பொரியல் இரண்டு துண்டு. அவர் என்னைப் பார்த்து, "ஏன் இண்டைக்கு மீன் இல்லையே?" என்றார்.

கோப்பையைப் பிடித்துச் சும்மா மற்றப் பக்கம் திருப்பிவிட்டேன். அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை.

அப்படியே கதிரையில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கள் குடிக்கிறியள் எண்டு நினைச்சன்" என்றேன். "எனக்கே அப்பிடித்தான் இருந்தது" என்றார். "குடிக்காமலே வெறி மாதிரி. மூளை பழுதாப் போச்சு எண்டு பயந்துதான் சொல்லேல்லை. கலியாணம் முடியட்டும் எண்டு பாத்தனான். நீர் போத்தல் தேடினதைக் கண்டனான். போத்தல் கிடைச்சா நல்லது எண்டு எனக்கும் இருந்தது, யசோ."

முத்தலிப் ஓட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் நெற்றி இடிபட்டதைச் சொன்னேன், உங்கள் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். செடிப் படத்தையும் கொண்டுபோயிருந்தேன். என்ன பைத்தியம் என்று நினைப்பாரோ என்று கூசிக்கொண்டு நீட்டினேன். அந்த டாக்டர்ப் பிள்ளை சிரிக்கவில்லை. அதை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்க எழுதினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருக்கிறதாம். அன்றைக்கு இடிபட்ட இடத்திலிருந்து துளித்துளியாகக் கசிந்து, கிழமைக் கணக்காகச் சேர்ந்து, மூளையின் வலப்பக்கத்தை அமத்தியிருக்கிறது. வலப்பக்கம் அமுங்கினால் இடப்பக்கம் போகுமாம். அம்புலன்ஸில் கண்டிக்கு ஏற்றிவிட்டார்கள்.

இங்கே மண்டை ஓட்டில் சின்ன ஓட்டை போட்டு அந்த இரத்தத்தை வடித்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் படுத்த படுக்கையில் போயிருப்பார் என்று பெரிய டாக்டர் சொன்னார். அனுஷியாவும் மாப்பிள்ளையும் இரவோடிரவாக வந்து நின்றார்கள். நான் மறைத்ததுக்கு அவள் ஏசின ஏச்சு ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். மாப்பிள்ளை போய் எனக்குத் தேத்தண்ணி வாங்கி வந்தார். அவர்கள் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேனே, அவருடைய தாய் அடுத்த நாளே சோறு கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

நேற்று அவருடைய இடப்பக்கமாக நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார். மெதுவாகத்தான், என்றாலும் திரும்பினார்.

மச்சாள், நன்றி என்று எழுதினால் சின்னதாய்ப் போய்விடும். எழுதாமல் விடுகிறேன்.

யசோதரா


பண்டாரவளை.
19.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை நேர்சரியில் வைத்துத்தான் உடைத்தேன். முதல் வரி வாசித்ததும் மண் மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டைகள் ஓடி வந்து என்ன என்ன என்று கேட்கிறார்கள், வாய் அசைகிறது தெரிகிறது, எனக்கு அழுகையில் ஒருத்தி முகமும் தெளிவாகத் தெரியவில்லை. பிறகு கடிதத்தையே நீட்டினேன். அவர்கள் எனக்குப் பதிலாக வாசித்து அழுதார்கள். இப்போது இங்கே எல்லோருக்கும் உங்களைத் தெரியும்.

எனக்கு நன்றி வேண்டாம். படத்தைக் கீறியது நீங்கள். கோப்பையைத் திருப்பியதும் நீங்கள்தான். அதை எழுதியிருந்த இடத்தை வாசித்தபோது என் கடிதத்தை விட உங்கள் கை பெரிது என்று எனக்குத் தோன்றியது.

இனிச் செடிகளைப் பார்ப்போம், அதுகளும் உயிர்தானே. அழுகியது எல்லாவற்றையும் எறிந்துவிடாதீர்கள். தண்டில் கறுப்பு ஏறிய இடத்துக்கு மேலே, சுத்தமான பச்சை வரும்வரை வெட்டுங்கள். வெட்டினதை நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டுவையுங்கள், வெட்டுவாய் காய வேண்டும். பிறகு காய்ந்த மணலில் நட்டுவிட்டு, வேர் வரும்வரை தண்ணீர் காட்ட வேண்டாம். நல்ல இலைகளை முழுதாகக் கழற்றி மண்ணுக்கு மேலே சும்மா படுக்க வையுங்கள். ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு குட்டி வரும். சுருங்கிக் கிடக்கிற இடப்பக்கத்துச் சாடிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒருதரம் அடிவரை நனையவிட்டால் எழும்பிவிடும்.

கலியாணத்துக்கு எத்தனை தேறுமோ தேறட்டும். மிச்சத்துக்கு நான் வரும்போது கொண்டுவருவேன். ஒரு கிழமை இல்லை, ஒரு மாதத்துக்கு முன்பே வரப்போகிறேன். லீவு கேட்டுவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், இந்த முறை வரி எழுதச் சொல்லிக் கேட்கமாட்டேன். நேரில் வந்து ஏசுவேன்.

பூரணி


திருகோணமலை.
21.07.2024

அன்புள்ள பூரணி மச்சாளுக்கு,

நீங்கள் வருகிற கிழமை புறப்படுகிறீர்கள் என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன். நீங்கள் வந்தபிறகு எல்லோருமாகச் சேர்ந்து கதைக்கத் தொடங்கினால் இது இடையில் எங்கேயாவது தவறிவிடும்.

இடப்பக்கத்துச் சாடிகள் எல்லாம் எழும்பிவிட்டன. வெட்டி நட்டதில் பாதிக்கு மேல் வேர் பிடித்துவிட்டது. படுக்கவைத்த இலைகளில் நெல்லுமணி அளவில் குட்டிகள் வந்திருக்கின்றன. அவ்வளவு சின்னதை எப்படிக் கலியாணத்தில் கொடுக்கிறது என்று கேட்டேன். "சின்னதாத்தான் அம்மா குடுக்க வேணும், வளர்க்கிறது அவையின்ரை வேலை" என்று அனுஷியா சொல்லிவிட்டாள். தண்ணீர் விடுகிறது நான்தான், குச்சி குத்திப் பார்த்து. உங்கள் அண்ணனுக்கு ஹோஸ் தொட அனுமதி இல்லை. கெஞ்சிப் பார்த்தார்.

முந்தநாள் கண்டிக்கு மறுபடி காட்டப் போனோம். டாக்டர் இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கமும் விரலை ஆட்டி, எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கேட்டார். இவர் எல்லாம் சரியாகச் சொன்னார். "வேறை ஏதும் சொல்ல இருக்குதோ ஐயா?" என்று டாக்டர் கேட்டதுக்கு, "என்ரை இடப்பக்கம் நிக்கிற உங்கடை கையிலை சேட்டுப் பொத்தான் ஒண்டு அறுந்து தொங்குது" என்றார். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். உண்மைதான். தாதிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

லோஞ்ச் ஓட்டுவதைப் பற்றி இப்போது கதை வேண்டாம், மூன்று மாதம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். ஆனால் முகம் விழுந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறியதும், ஜன்னல் பக்கம் தனக்கு வேண்டும் என்றார். அதுவும் இடப்பக்கத்து ஜன்னல். விட்டுக்கொடுத்தேன். பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போயிருக்கும், மெதுவாக ஏதோ முணுமுணுப்பது கேட்டது. குனிந்து கேட்டேன். இடப்பக்கத்துக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வருகிறார். டயர்க் கடை. பல் வைத்தியர். பாண் பேக்கரி. கண்ணாடி வெட்டிக் கொடுக்கப்படும். தம்புள்ளைக்கு வந்தபோது குரல் பெரிதாகிவிட்டது. முன் சீட்டில் இருந்த ஆள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். கந்தளாய்க்குக் கிட்ட வந்தபோது கடைகள் குறைந்து, வயலும் மரமும்தான். இவர் விடவில்லை. மருதமரம் என்கிறார், மாடு என்கிறார், சைக்கிளில் ஒரு பொம்பிளைப்பிள்ளை என்கிறார்.

நான் அவரைப் பேசாமல் வரச் சொல்லவில்லை. திருமலை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

வழியில் கவனம் மச்சாள். பஸ் ஸ்ராண்டில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம்.

உங்கள்
யசோ